அக்காவிடம் கேட்ட கேள்வி

லிஃப்டுக்குள் நுழைந்ததும் கதவை மூடும் பட்டனைப் போட்டு அமுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். நாங்கள் பராமரிக்கும் அலுவலகக் கட்டடத்தில் அந்தப் பட்டனுக்கு வயரே கிடையாது. உரிமையாளர் சொல்லி நாங்கள்தான் கழற்றினோம். ஆனாலும் டை கட்டின ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்குகிறார்கள், கதவு தன் பாட்டுக்கு மூடிக்கொள்கிறது.

இந்த ஒரு பட்டனை வைத்து உலகத்தையே சந்தேகப்பட்டவன் என் கூட்டாளி. அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, சி.ஐ.டி.தான். நாமே ஒரு பட்டனை டம்மியாக்கி வைத்திருக்கிறோமே, பெரிய ஆட்கள் எதையெல்லாம் டம்மியாக்கி வைத்திருப்பார்கள் என்று கேட்பான். எனக்குப் பதில் சொல்லச் சோம்பலாக இருக்கும்.

மொட்டை மாடிக்கு மேலே உள்ள மோட்டார் அறையில்தான் எங்களுக்கு மதியச் சாப்பாடு. கிரீஸ் வாடை, மோட்டார் சூடு, உட்கார இரண்டு காலி பெயிண்ட் டின்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் அவன் ஆரம்பித்துவிடுவான். செருப்பு வாங்க வேண்டும் என்று மனைவியிடம் வாய்விட்டுச் சொன்னானாம், போனில் செருப்பு விளம்பரமாக வந்து கொட்டியதாம். நிலாவுக்கு எவனும் போகவில்லையாம். கல்யாண வீட்டில் இலையைப் படம் எடுத்துப் போட்டுவிட்டுத்தானே சாப்பிடுகிறார்கள், அதுகூட ஊர் எவ்வளவு தின்கிறது என்று யாரோ கணக்கெடுக்கிற வேலையாம். உன் செருப்பையும் சோற்றையும் கணக்கெடுத்து எவனுக்கு என்ன லாபம் என்று கேட்பேன். கோபித்துக்கொள்ள மாட்டான். உண்மையைச் சொன்னால், அவன் புளுகு இல்லாமல் எனக்கும் சோறு இறங்காது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவன் லிஃப்டின் தலைமேல் நின்று வேலை பார்ப்பான், மற்றவன் மோட்டார் அறையில் இருப்பான். மோட்டார் அறையில் இருப்பவன் "நிறுத்திட்டேன்" என்று கத்தினால் லிஃப்டின் மேல் நிற்பவன் அதையே திருப்பிக் கத்த வேண்டும். திருப்பிச் சொல்லாத குரலை நம்பி யாரும் கம்பியைத் தொடக் கூடாது. அதை மதிக்காமல் கை போனவனை எங்களுக்குத் தெரியும்.

அந்தப் பழக்கத்தை இவன் வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டான். கொஞ்ச நேரம் பேச்சைக் கேட்டாலே போதும், மெஷின் அதே குரலில் பேசி ஊரை ஏமாற்றிவிடும் என்று எங்கோ படித்திருக்கிறான். உடனே அக்காவுக்குப் போன் போட்டான். அப்பா அம்மா போன பிறகு இவனைத் தூக்கி வளர்த்த அக்கா. மாமாவும் தவறிவிட்டதால் வேறு ஊரில் தனியாக இருக்கிறாள். இனிமேல் எப்போது பேசினாலும் முதலில் இவன் ஒரு கேள்வி கேட்பான்: சின்ன வயதில் வீட்டை விட்டு ஓடிப்போன அன்று நான் எங்கே ஒளிந்திருந்தேன்? பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள். அவர்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. அக்கா சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாளாம்.

கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் போனது. பிறகு ஒருநாள் அக்கா தடுமாறினாள். அடுத்த முறை பள்ளிக்கூடம் என்றாள். அதற்கடுத்த முறை, எந்தத் தம்பி ஓடிப்போனான் என்று கேட்டாள். இவன் போனை வைத்துவிட்டான். அக்கா குரலை எவனோ திருடிவிட்டான் என்று என்னிடம் வந்து குதித்தான்.

"காசு கேட்டுச்சா?" என்றேன்.

"இல்ல. சாப்பிட்டியான்னு கேட்டுச்சு."

மெஷின் இதையா கேட்கும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. இருந்தாலும் வழக்கம்போல் கிண்டல் செய்துவிட்டு எழுந்துவிட்டேன்.

நேற்று அக்காவின் கீழ்வீட்டு அம்மா கூப்பிட்டிருக்கிறார். கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்காமலே அக்கா தெருவுக்குப் போய்விட்டாளாம். திரும்பி வர வீடு தெரியாமல் முனையில் நின்றவளைக் கடைக்காரர் கூட்டி வந்தாராம். இன்று சாப்பிடும்போது இதைச் சொல்லிவிட்டு, கீழ்வீட்டு அம்மா குரலும் போலிதான் என்றான். எனக்கு வந்ததே கோபம், டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

"இப்பவே கிளம்பு. மதிய பஸ்ஸைப் பிடிச்சா இருட்டறதுக்குள்ள போயிடலாம். மேஸ்திரிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவன் எழவில்லை. கையில் பிசைந்த சோறு காய்ந்துகொண்டிருந்தது.

"போய்ப் பார்த்து, அது அக்காவாவே இருந்துட்டா?" என்றான். "அவ என்னை மறந்துட்டான்னு நினைக்கறதுக்கு மெஷினே தேவலாம்டா. இத்தனை வருஷத்துல நான் சொன்ன எதையும் நீ ஒத்துக்கிட்டதில்ல. இது ஒண்ணை மட்டும் ஒத்துக்கோ. மெஷின்தான்னு சொல்லு."

சொல்லியிருப்பேன். அந்த முகத்தைப் பார்த்தால் யாரும் சொல்லியிருப்பார்கள். ஆனால் அங்கே ஒருத்தி கேஸ் அடுப்போடு தனியாக இருக்கிறாள்.

"அது அக்காதான்டா," என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தெரியும் என்பது மாதிரி இருந்தது. எச்சில் கையோடு அவனே போனை எடுத்து அக்காவின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, எங்கள் நடுவில் தரையில் வைத்தான். அந்தத் தொட்டிக் கேள்வியைக் கேட்டால் அறைவேன் என்றேன்.

"அக்கா, நான்தான்."



"சார், கோவிச்சுக்காதீங்க," என்றது மறுமுனைக் குரல். பயந்த குரல். "இது என் தம்பி நம்பரு. இப்பல்லாம் நீங்கதான் பேசறீங்க. ஏதோ கேள்வி கேக்கறீங்க, எனக்குப் பதில் தெரியல. வச்சிடறீங்க. அவனுக்கு ஏதாவது ஆயிடுச்சா சார்?"

"அக்கா, நான்தான்க்கா. என் குரல் தெரியலியா?"

"இல்லைங்க. என் தம்பி குரல் எனக்குத் தெரியாதா?"

சி.ஐ.டி. என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் மோட்டார் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுவான் என்று நினைத்தேன். அவன் தொண்டையைச் செருமினான். பேசியபோது குரல் முன்பின் தெரியாத ஆளிடம் பேசும் குரலாக, மரியாதையாக இருந்தது.

"அவருக்கு ஒண்ணும் ஆகலைங்க. நல்லா இருக்காரு. நீங்க அடுப்பை மட்டும் தொடாம இருங்க, வெளியிலயும் போகாதீங்க. ராத்திரிக்குள்ள அவரை நானே கூட்டிட்டு வரேங்க."