படித்துறையான் எழுதாத பத்தி

விடியும் முன்னே வண்ணார்பேட்டைச் சந்துக்குள் மண்ணெண்ணெய் வாடை இறங்கிவிடும். 'தென்பொருநை' மாலைப் பத்திரிகையின் அச்சாபீசில் அன்றைக்கும் மாரிக்கண்ணுதான் முதல் ஆள். முந்தின நாள் அச்சடிக்கக் கோர்த்த ஈய எழுத்துப் பக்கங்களைக் கல்மேஜையில் கிடத்தி, பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் முக்கி அழுத்தித் தேய்த்து, மைக்கறை போகத் தண்ணீர் விட்டு, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அதனதன் அறையில் போட்டால்தான் இன்றைய செய்தியைக் கோர்க்க எழுத்து இருக்கும். மார்கழிக் குளிரில் விரல் நுனி மரத்துப்போகும். வெடிப்புக்குள் மண்ணெண்ணெய் இறங்கும்போதுதான் ஐயோ, இது நம் விரல்தான் என்று தெரியும். எல்லாம் நின்றுகொண்டே செய்கிற வேலை. பாவாடை தாவணியில் இந்த மேஜை முன்னால் வந்து நின்றவள். இப்போது அவள் மகள் தாவணி போடுகிறாள்.

பத்திரிகையின் நிலைமையைச் சொல்ல வேண்டுமே. பெரிய பத்திரிகைகள் எல்லாம் திருநெல்வேலியிலேயே மெஷின் இறக்கிக் கலரில் அச்சடிக்கத் தொடங்கிய பிறகு, 'தென்பொருநை' டீக்கடையில் வடை மடிக்கத்தான் லாயக்கு என்று ஆகிவிட்டது. கண்ணீர் அஞ்சலி, சினிமா விளம்பரம், தாலுகா ஆபீஸ் அறிவிப்பு. இதற்காக யார் துட்டுக் கொடுத்து வாங்குவார்கள்? சம்பளத்தை முதலாளி துண்டு துண்டாகத்தான் கொடுத்துவந்தார்.

ஆனாலும் அதில் ஒன்று உயிரோடு இருந்தது. 'படித்துறையான்' என்ற பேரில் வருகிற பத்தி. ஆற்றில் மண் அள்ளுகிற லாரி, ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காத பிள்ளைத்தாச்சி, மாஞ்சோலைக்குப் போகிற பஸ் மழைநாளில் பாதிவழியில் ஆளை இறக்கிவிடுவது என்று எதையும் அந்தப் பத்தி விடாது. எழுதுகிறவர் பேரை வெளியில் சொல்வதில்லை என்பது அச்சாபீஸ் வழக்கம். முதலாளி ஐயம்பெருமாள் பிள்ளையின் அப்பா வைத்த பேர் அது. பல வருஷமாக அதை எழுதிவந்தவர் பாளையங்கோட்டை தேவசிகாமணி வாத்தியார். அது கோர்க்கிறவளுக்குத் தெரியும், மெஷின்காரருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது.

மேலப்பாளையத்தில் பீடி சுற்றுகிற பெண்களுக்கு அந்தப் பத்தி என்றால் உயிர். நாலைந்து வீட்டுப் பெண்கள் ஒரே முற்றத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். கையும் கண்ணும் இலையில் இருக்கும், காது மட்டும் சும்மா கிடக்கும். அதனால் ஒருத்தி பத்திரிகை வாசிப்பாள்; அவள் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு பத்திரிகையைத் தெருவே கேட்கும். விற்பனைக் கணக்கில் அது ஒன்றுதான்.

அந்தப் பெண்கள் ஒரு மாதமாக 'ரெட்டைச் சாவி' பீடிக் கம்பெனியில் இலை வாங்க மாட்டோம், பீடி சுற்ற மாட்டோம் என்று நின்றார்கள். சுற்றிக் கொடுக்கிற பீடியில் ஒரு பங்கைக் கழிவு, கழிவு என்று ஒதுக்கிவிட்டுக் கூலியைப் பிடிப்பான் கம்பெனிக்காரன். ஒதுக்கின பீடியையும் திருப்பித் தரமாட்டான், அதையும் விற்றுக்கொள்வான். தேவசிகாமணி வாத்தியார் இதைப் புட்டுப் புட்டு வைத்தார். மறுநாளே 'தென்பொருநை'யின் பின்பக்கத்தில் வழக்கமாக வரும் ரெட்டைச் சாவி விளம்பரம் நின்றது. அதற்கடுத்த நாள் வாத்தியார் நின்றார்.

படித்துறையான் மட்டும் நிற்கவில்லை.

முந்தாநாள் புதிதாக ஒரு பத்தி வந்தது. முதலாளியின் சாய்ந்த கையெழுத்து என்று பார்த்ததுமே மாரிக்கண்ணுக்குத் தெரிந்தது. 'கம்பெனி வேறு ஜில்லாவுக்குப் போய்விட்டால் அடுப்பில் பூனைதான் தூங்கும். தாய்மார்களே, போய் இலை வாங்குங்கள்' என்று எழுதியிருந்தது. கோர்க்கிறவள் கேள்வி கேட்பதில்லை. அதுவும் அச்சாபீஸ் வழக்கம். கோர்த்தாள். நேற்றுச் சாயங்காலம் வேலை முடிந்து குறிச்சி வீட்டுக்குத் திரும்பியபோது, மேலப்பாளையத்து முனையில் ஜன்னத்துல் பிர்தௌஸ் வழிமறித்தாள். முற்றத்தில் பத்திரிகை வாசிக்கிறவள் அவள்தான்.

"மாரி, படித்துறையானே இப்படிச் சொல்லிட்டாரே. பாதிப் பேரு இன்னைக்கு விடிய போயி எலை வாங்கிட்டாளுவ. நான்தான வாசிச்சேன். எம் வாயாலதான வாசிச்சேன்" என்றாள். கண் சிவந்திருந்தது. "அவரு நெசமா எழுதினதுதானா?"

மாரிக்கண்ணு பஸ் வருகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ராத்திரி முழுக்க, கேட்ட கேள்விக்கு ஆமா என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் வந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

இன்றைக்கு வெயில் ஏறும் நேரத்தில் முதலாளி இன்னொரு தாளைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார். அதே சாய்ந்த கையெழுத்து. 'மிச்சம் நிற்கிறவர்கள் வெளியாட்கள் பேச்சைக் கேட்டு ஆடுகிறவர்கள்' என்று ஆரம்பித்தது.

"அண்ணாச்சி, இது யாரு எழுதினது?"

"படித்துறையான்."

"வாத்தியார் கையெழுத்து எனக்குத் தெரியும்லா."

"வாத்தியாருக்கு முந்தியும் படித்துறையான் உண்டு. அவரு போன பொறவும் உண்டு. எங்க அப்பா வச்ச பேரு அது, உங்க வாத்தியார் சம்பாதிச்சதில்ல. கோரு."

"கோக்க மாட்டேன் அண்ணாச்சி."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டது. உள்ளிருந்து மெஷின்காரர் நடராஜ் கிரீஸ் கையோடு வந்தார். அவளுக்கும் முந்தி வேலைக்கு வந்தவர்.

"ஏட்டி, ஒனக்கு என்ன கிறுக்கா? வாத்தியாருக்கு மாசம் பொறந்தா பென்சன் வருது. அவரு பாட்டுக்கு எழுதிட்டுப் போயிட்டாரு. பின்பக்கம் போச்சு. அது யாரு சோத்துல விழுந்துச்சு? எஞ் சோத்துலயும் ஒஞ் சோத்துலயும். பேசாமக் கோரு."

"ஜன்னத்தக்கா எங்கிட்ட கேட்டாவண்ணே. நெசந்தானான்னு கேட்டாவ."

"கேட்டா கேட்டுட்டுப் போறா."

முதலாளிக்குச் சந்தோஷம். பாவம், அவரும் வட்டிக்கு வாங்கி வாங்கித் தேய்ந்துபோனவர்தான். ஆனால் அன்றைக்கு வாய் அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

"அப்படிச் சொல்லும் வே நடராஜ். இந்த ஊருல இந்தப் பேப்பரை எவன் வே வாசிக்கான்? காலையில கலர்ல எல்லாச் செய்தியும் வந்துருது. நம்மகிட்ட மிச்சம் இருக்கது இந்த ஒரு பேருதான். அதையும் நம்புதது அந்தப் பீடிக்காரிக மட்டுந்தான். கம்பெனிக்காரன் மறுபடியும் துட்டு தாரேன்னு வந்தது பின்பக்கத்துக்கான்னு நெனைக்கீரு? இந்தப் பேருக்குத்தான் தாரான்."

உள்ளே மெஷின் மற்றப் பக்கங்களை அடித்துக்கொண்டிருந்தது. பத்திரிகை மடிக்கிற இசக்கியம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

நடராஜின் சம்சாரம் பேச்சித்தாயும் பீடி சுற்றுகிறவள். ராத்திரியெல்லாம் இருமுகிறவள். வாசிக்கத் தெரியாது, சாயங்காலம் புருஷன் கொண்டுவருகிற பத்திரிகையில் படித்துறையானை மட்டும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் படுப்பாள்.

"அப்போ எங்க வீட்டுப் பொம்பள நம்புதாள்லா, அதை வித்தா எங்களுக்குச் சம்பளம் போடுதீரு?" என்று நடராஜ் பைய கேட்டார்.

"வியாபாரம்னா அப்படித்தான் வே."

"இத்தனை வருசம் கேக்காம அடிச்சேன் அண்ணாச்சி. தப்பு எம்பேருலயும் இருக்கு." கையைக் கந்தலில் துடைத்துவிட்டு உள்ளே போய் மோட்டாரை நிறுத்தினார். பெல்ட் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

முதலாளி கத்தவில்லை. "பூட்டிருவேன். மெசினை எடைக்குப் போட்டா இதைவிட லாபம் எனக்கு" என்று மட்டும் சொன்னார். அது வெறும் மிரட்டல் இல்லை என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். இசக்கியம்மா முந்தியில் கையைத் துடைத்துக்கொண்டு முதலில் வெளியே இறங்கினாள். மற்றவர்களும் இறங்கினார்கள். கதவு பூட்டுகிற சத்தத்தைச் சந்தில் நின்று கேட்டார்கள்.

அன்றைக்குத் 'தென்பொருநை' வரவில்லை. ஊர் என்ன செய்தது என்று கேட்கிறீர்களா? ஒன்றும் செய்யவில்லை. சாயங்காலம் அச்சாபீஸ் ஆட்கள் மெயின் ரோட்டில் நின்று பார்த்தார்கள். பஸ்கள் வந்தன, போயின. டீக்கடைக்காரர் 'தென்பொருநை' தொங்குகிற கயிற்றில் வேறொரு பத்திரிகையைத் தொங்கவிட்டிருந்தார். டீ குடிக்கிறவர்கள் அதை எடுத்துப் புரட்டினார்கள். எங்கேப்பா நம்ம பேப்பர் என்று ஒரு நாதியும் கேட்கவில்லை. வேலை போனதைவிட அதுதான் மாரிக்கண்ணுக்கு வலித்தது. ஆயுசில் பாதியை நின்றே கழித்தது இதற்குத்தானா?

அவளும் நடராஜும் பாளையங்கோட்டைக்குப் போய் வாத்தியார் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தேவசிகாமணி வாத்தியார் உட்காரச் சொன்னார், காபி கொடுக்கச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அந்தப் பேரு நான் வச்சதில்லம்மா. கேஸ் போட்டாலும் நிக்காது."

"கேஸ் வேண்டாம் சார். அது நான் எழுதலன்னு நாலு வரி எழுதித் தாங்க. நோட்டீஸ் அடிச்சுக் குடுக்கோம்" என்றாள் மாரிக்கண்ணு.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "பெரிய பத்திரிகைல ஞாயித்துக்கிழமை எழுதச் சொல்லிக் கேட்டிருக்காங்க. பாளையங்கோட்டை பழைய பள்ளிக்கூடங்களப் பத்தி. வம்பு வழக்கு எதுவும் இருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நானும் சரின்னுட்டேன்."

"அப்போ பீடிக்காரிக?"

"எனக்கும் வயசாயிட்டும்மா."

காபி நன்றாகத்தான் இருந்தது. நடராஜ் தெருவுக்கு வந்ததும், "நல்ல மனுசன்" என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு கசப்பு தெரிந்திருக்காது.

மாரிக்கண்ணு வீட்டுக்குப் போகவில்லை. மேலப்பாளையத்தில் அந்த முற்றத்துக்குப் போனாள். நிறைய முறங்கள் சுவரில் சாத்தியிருந்தன. இலை வாங்காத பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கைதான் சும்மா இருக்கத் தெரியாமல் முந்தியை உருட்டிக்கொண்டிருந்தது. அவள் நின்றுகொண்டே சொன்னாள். முந்தாநாள் வந்தது வாத்தியார் எழுதினது இல்லை, முதலாளி எழுதினது, கம்பெனிக்காரன் விளம்பரத்துக்காக எழுதினது, தெரிந்தே அதைக் கோர்த்தது நான்.

ஜன்னத் எழுந்து வந்தாள். அடித்துவிடுவாள் என்றுதான் மாரிக்கண்ணு நினைத்தாள்.

"நேத்து கேட்டேன்லா ஒங்கிட்ட."

"கேட்டீயக்கா."

"பஸ் வருதுன்னு ஓடுன. அல்லாஹ்வே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னைக்கு இன்னும் நாலு பேரு போயிருக்க மாட்டாளுவளே." பின்னாலிருந்து ஒருத்தி, இனிமேல் பத்திரிகையும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம் என்றாள். ஜன்னத் மாரிக்கண்ணிடம் சொன்னாள்:

"விடிய எலை போடுத எடத்துக்கு வா. போனவளுவகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாளுவ. மொதல்ல வாசிச்சவளும் நான்தான."

மறுநாள் இருட்டுப் பிரியும் முன்பே கம்பெனி குடோன் முன்னால் வரிசை நின்றது. உள்ளே இலைக்கட்டுகளில் தண்ணீர் தெளிக்கிற சத்தமும் புகையிலைக் காரமும் வாசல்வரை வந்தன. வரிசை முந்தின நாளைவிட நீளம். மாரிக்கண்ணு ஈய எழுத்துக்கு முன்னால் நின்று பழகினவள், ஆள் கூட்டத்துக்கு முன்னால் நின்று பழகினவள் இல்லை. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். பாதி காற்றில் போயிற்று.

வரிசையின் முன்னால் நின்ற ஒருத்தி திரும்பி, "படித்துறையான் சொன்னதைப் பொய்யின்னு சொல்ல நீ யாரு?" என்றாள்.

"மாரிக்கண்ணு. குறிச்சி. அந்தப் பொய்யைக் கோத்தவ."

மாரிக்கண்ணு சொல்லிக் கூடவே வந்திருந்த நடராஜும் இசக்கியம்மாவும் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். "நடராஜ். அதை அச்சடிச்சவன்."

"இசக்கியம்மா. மடிச்சுக் கட்டுனவ."

கொஞ்சம் தள்ளி நின்ற ஜன்னத் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். "ஜன்னத்துல் பிர்தௌஸ். ஒங்களுக்கெல்லாம் வாசிச்சவ."

குடோன் கதவு திறந்தது. கணக்கப்பிள்ளை வெளியே எட்டிப் பார்த்து, வேலை மெனக்கெட்டு என்ன கூட்டம் இங்கன என்று ஏசிவிட்டு முதல் பேரைக் கூப்பிட்டார். கூப்பிடப்பட்டவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். மருந்துக்குக் காத்திருக்கிற பிள்ளை அவள் வீட்டில் கிடந்தது. யாரும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. இரண்டாவது பேரைக் கூப்பிட்டார். அவளும் போனாள். மூன்றாவது பேருக்கு உரியவள் 'நீ யாரு' என்று கேட்டவள்தான். கணக்கப்பிள்ளை இரண்டு தரம் கூப்பிட்டும் அவள் நகரவில்லை. பிறகு முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வரிசையை விட்டு விலகி, மாரிக்கண்ணு அருகில் வந்தாள்.

"எத்தனை நாளு நிக்கணும்?"

"தெரியலக்கா."

"சரி. கொஞ்சம் நகந்து நில்லு."