அப்பாவின் சட்டைப்பையில் ஜாக்சன்

தம்பி டாரில் சவப்பெட்டிக்குள்ளிருந்து கையை எடுத்தபோதுதான் நியோமா அதைக் கவனித்தாள். அப்பாவின் சட்டைப்பையில் மடித்த நோட்டு ஒன்று எட்டிப் பார்த்தது. அதில் அச்சிட்ட முகத்துக்குச் சிலுப்பிக்கொண்டு நிற்கும் தலைமுடி. பத்து டாலர்காரருக்கு வழித்து வாரிய தலை, ஐந்து டாலர்காரருக்குத் தாடி. இந்தப் பரட்டைத் தலை இருபதில் மட்டும்தான் உண்டு.

அடப்பாவி, ஜாக்சனையா கொண்டுவந்து வைத்தான்?

அவர்களுடைய செரோக்கி சனத்தைப் பிறந்த மண்ணிலிருந்து கிளப்பி, வழியெல்லாம் பிணம் விழ ஓக்லஹோமாவுக்குத் துரத்தச் சட்டம் போட்ட ஜனாதிபதி அவன். அப்பா ஓடெல் பேர்பா ஆயுசு முழுக்க அந்த நோட்டைத் தொட்டதில்லை. பணம் எடுக்கும் இயந்திரம் இருபதாகத்தான் துப்பும். அவர் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டு, "மாத்திட்டு வா தாயி, அந்த மூஞ்சியோட என் வண்டியில ஏறாதே" என்பார். நியோமா பத்துகளாக மாற்றி வரும்வரை சாவியைத் திருப்ப மாட்டார். போன வாரம்கூட, மூக்கில் குழாயோடு கிடந்த மனிதர், மருந்துக்கடையில் மிச்சம் கொடுத்த இருபதைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாரிலுக்கு இதெல்லாம் தெரியாதா என்ன? இதனால்தானே வீட்டைவிட்டே போனான். கேசினோவில் வாங்கிய முதல் சம்பளத்தை இருபது இருபதாக மேசைமேல் பரப்பினான். அப்பா அடுப்பு இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கவ்வி மழையில் கொண்டுபோய்ப் போட்டார். நனைந்த நோட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போனவன், இப்போது பிணத்தைப் பார்க்கத்தான் வந்திருக்கிறான். பழி தீர்த்துக்கொள்ள இதுதானா நேரம்?

சர்ச்சில் செரோக்கியில் கடைசிப் பாட்டு தொடங்கிவிட்டது. அது முடிந்தால் மூடிதான். மூடி போட்டுவிட்டால் அப்பா காலமெல்லாம் அந்த மூஞ்சியை நெஞ்சில் சுமந்துகொண்டு கிடக்க வேண்டும். முன்வரிசையில் லீட்டா அத்தை வேறு. அவள் கண்ணில் பட்டால் சாவு வீடு சண்டை வீடாகிவிடும்.

காலரைச் சரிசெய்வதுபோல் நியோமா குனிந்து பைக்குள் விரலை விட்டாள். டாரில் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"எடுக்காதக்கா."

"கைய விடுறா. செத்த மனுசன்கிட்டயா உன் வீம்பக் காட்டுற?"

"அவருதான் கேட்டாரு."

"எவரு?"

"அப்பாதான். போன்ல."

"புளுகாதே. உன் பேரச் சொன்னாலே எழுந்து போயிடுவாரு."

"ஞாயித்துக்கிழமையானா கூப்பிடுவாரு. நீ சர்ச்சுக்குக் கிளம்பினதும்."

நியோமாவின் விரல் அப்படியே நின்றது. முட்டி வலிக்கிறது, நீ போய்ட்டு வா என்று ஒவ்வொரு ஞாயிறும் அனுப்பிவைத்தாரே. அவளும் பாவம் மனிதர் என்று அவருக்காகப் பயற்று ரொட்டி கட்டிக்கொண்டு வருவாள்.

"என்ன கேட்டாரு?"

"'நான் போறப்ப பையில ஒரு இருபது வைடா. அங்க எங்கயாச்சும் அந்தாளு எதிர்ப்பட்டா மூஞ்சியிலயே விட்டெறியணும்'னாரு. சொல்லிட்டு இருமி இருமிச் சிரிச்சாருக்கா." டாரில் அவள் மணிக்கட்டை விட்டான். "'அவ கொண்டார மாட்டா. உன்னத்தான்டா நம்பியிருக்கேன்'னாரு."

பாட்டு முடிந்தது. மூடியைத் தூக்கிக்கொண்டு இருவர் வந்தார்கள்.

"மூடிடலாமாம்மா?"

நியோமாவுக்குப் பொறுக்கவில்லை. எச்சில் துடைத்தவள் இவள், படுக்கை மாற்றியவள் இவள். அந்தச் சிரிப்பு மட்டும் அவனுக்கா? நோட்டைச் சரக்கென்று வெளியே உருவினாள். டாரிலின் முகம் வெளுத்துப்போனது.

"அக்கா..."

"நெஞ்சுமேல வேணாம்டா," என்றாள். "பேன்ட் பின்பாக்கெட்ல வைப்போம். அந்தாளப் பாக்குற வரைக்கும் அப்பா அவன் மூஞ்சிமேலயே உக்காந்திருக்கட்டும்."

டாரில் சிரித்தானா அழுதானா என்று தெரியவில்லை. பெட்டியின் அந்தப் பக்கம் போய் அப்பாவின் இடுப்புக்கடியில் கையைக் கொடுத்தான். இந்தப் பக்கம் அவள் கொடுத்தாள். மூடி பிடித்தவர்கள் ஒன்றும் புரியாமல் நின்றார்கள்.

இத்தனை மாதம் அவள் தனியாகத் தூக்கிப் புரட்டிய உடம்பு. இப்போது பாதி கனம்தான் இருந்தது.