கிளிப் மாறிய பக்கம்

இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்ற சந்தேகம் தெருமுனையில்தான் வந்தது. ஊருக்கெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்த மெக்கானிக், தன் வீட்டு மூன்று மாடியையும் படியிலேயே ஓடி ஏறிக் கதவைத் தள்ளினார்.

பிளக் பிடுங்கப்பட்டுக் கிடந்தது. சமையலறைக் கொடியில் அதற்கான துணி கிளிப்பும் 'முடிந்தது' பக்கம் இருந்தது.

தலையில் அடிபட்டதிலிருந்து அவருக்கு மறதி. செல்போன் அலாரம், ஃபிரிட்ஜில் ஒட்டிய சீட்டு எல்லாமே தோற்றன. ஒவ்வொரு வேலைக்கும் கொடியில் ஒரு கிளிப், முடித்ததும் அதை வலப்பக்கம் மாற்றுவது என்ற இந்த ஏற்பாடு மட்டும் ஒரு மாதமாகப் பிசகவில்லை.

"பார்த்தியா? இனி எதுவும் மறக்காது. திரும்ப வேலைல சேர்த்துக்கச் சொல்லி மேனேஜரைக் கேட்கத்தான் போறேன்," என்றார் மூச்சு வாங்க.

"போக வேண்டாம். உட்காருங்க," என்றாள் மனைவி.

"ஏன்டி, நான் சம்பாதிச்சா உனக்குக் கசக்குதா?"

"லிஃப்ட்ல ஆளுங்க ஏறுவாங்க. எனக்குப் பயமா இருக்கு."

"அதான் கிளிப் இருக்கே."

அவள் கொடியைப் பார்த்தபடியே சொன்னாள். "மறந்துடக் கூடாதேன்னு கிளிப்பை முதல்லயே மாத்திடுறீங்க. அப்புறம் வேலையை மறந்துடுறீங்க. பிளக்கைப் பிடுங்கினது நான்தான். இந்த மாசம் பூரா, நீங்க மாத்தின ஒவ்வொரு கிளிப்புக்கும் வேலையைச் செஞ்சது நான்தான்."