அப்பா பாஸான டெஸ்ட்

அப்பா கையைத் தூக்கினால் வண்டி நின்றாக வேண்டும். டிரைவிங் லைசென்ஸுக்கு டெஸ்ட் வைக்கும் அதிகாரி அவர். ஊரில் பாதிப் பேர் இன்னும் நடந்தே போவதற்கு அவர்தான் காரணம். அந்தப் பாதியில் நானும் உண்டு. கடைசியாக என்னை ஃபெயிலாக்கியபோது, "கண்ணாடியப் பார்த்தே, சரி. பார்த்து என்னத்தப் புரிஞ்சுக்கிட்டே?" என்று கேட்டார்.

கொஞ்ச நாளாக வீட்டிலும் கையைத் தூக்க ஆரம்பித்தார். சாப்பாட்டு மேஜையில், வாயில் கவளத்தோடு. அம்மாவும் நானும் மெல்லுவதை நிறுத்திவிடுவோம். அவர் நெஞ்சுக்குள் ஏதோ இறுக்கிப் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். முகம் வெளுத்துவிடும். கை இறங்கிய பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு. முதல் தடவை மாரடைப்பு என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள்.

"இதயம்னு ஒண்ணு இருக்காமா? அத நல்லாப் பார்த்தாங்களா?" என்றாள் அம்மா.

கோளாறு உணவுக்குழாயில். விழுங்கும்போது மேலிருந்து கீழாக வரிசையில் சுருங்க வேண்டிய தசை, அப்பாவுக்கு மட்டும் மொத்தமாக முஷ்டி மடக்கிக்கொண்டது. மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, மடக்கு மடக்காகத் தண்ணீர் கொடுத்து, அழுத்தத்தை அளந்தார்கள். இறுக்கம் கீழ்நுனியில் மட்டும்தான் என்றது, திரையில் வந்த வண்ணப் படம்.

"வாய் வழியா கேமரா குழாய விடுவோம்," என்றார் டாக்டர். "உள்தோலுக்கு அடியில சுரங்கம் மாதிரி வழி பண்ணி, தசைய உள்ள இருந்தே கீறிவிடுவோம். வெளிய தையலே இருக்காது. ஆனா எவ்வளவு தூரம் இறுகுதோ அவ்வளவு தூரமும் கீறணும். மேல கொஞ்சம் கீறாம விட்டுட்டா, விட்ட இடம் சும்மா இருக்காது. திரும்ப உள்ள போறதும் லேசில்ல."

ஆபரேஷன் அன்று காலை அப்பா, முதுகுப் பக்கம் திறந்த பச்சை அங்கியில் தள்ளுவண்டி மேல் படுத்திருந்தார். அந்தக் கோலத்தைப் பார்க்க ஊரில் பாதிப் பேர் டிக்கெட் வாங்கியிருப்பார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே ஆறுதல் சொன்னார்.

"பயப்படாதடா. போன குழாய் டெஸ்ட்லயே நல்லாப் பண்ணிட்டேன்."

"அதுல நல்லாப் பண்றதுக்கு என்னப்பா இருக்கு?"

அப்பா குரலைத் தாழ்த்தினார். "தசை தளர்றதுக்கு மாத்திரை குடுத்தாங்கல்ல, நாக்குக்கு அடியில வைக்கிறது? டெஸ்ட்டுக்கு முன்னாடி போடக் கூடாதுன்னாங்க. நான் பாத்ரூம்ல போய் ஒண்ணு வச்சுக்கிட்டேன். பெருசா எதுவும் வரல, கீழ மட்டும் லேசா. நல்லா ஒத்துழைச்சீங்க சார்னு நர்ஸே சொன்னாங்க."

சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை. டாக்டர் கீறப்போவது அப்பாவின் படத்தைப் பார்த்து அல்ல, மாத்திரையின் படத்தைப் பார்த்து.

"அப்பா, இத டாக்டர்கிட்ட சொல்லணும்."

"வாயத் தொறந்தே, இந்த ஜென்மத்துல உனக்கு லைசென்ஸ் கிடையாது."

"இப்ப மட்டும் இருக்கா?"

நர்ஸ் வந்தாள். பிரேக்கைக் காலால் தட்டிவிட்டு வண்டியைத் தள்ளினாள். பத்தடி போவதற்குள் அப்பாவுக்குப் பிடித்துக்கொண்டது. வயிற்றில் சோறில்லை, தண்ணீர்கூட இல்லை. விழுங்கியது தன் எச்சிலைத்தான். முகம் வெளுத்தது. கையைத் தூக்கினார்.

வண்டி நிற்கவில்லை. நர்ஸ் கதவைப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். அப்பா கை தூக்கி ஒரு வண்டி நிற்காததை அன்றுதான் பார்த்தேன். தூக்கிய கை கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

டாக்டர் வெளியே வந்து, நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டார். முகக்கவசத்தைக் கழற்றினார்.

"டெஸ்ட்ல காப்பியா சார்?"

"யாரையும் பார்த்து எழுதல," என்றார் அப்பா.

"ஊர்ல ஒருத்தனையும் விட்டதில்ல," என்றாள் அம்மா. "இப்ப பாருங்க."

மாத்திரையை நிறுத்திவிட்டு, அடுத்த வாரம் அதே டெஸ்ட். இந்த முறை பாத்ரூம் வாசலில் அம்மா காவல். மூக்கில் குழாயோடு அப்பா படுத்திருந்தார். கையைத் தூக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்ததால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். திரை முழுக்க நீலம். நீலம் என்றால் அமைதியாம், சிவப்பு என்றால் இறுக்கமாம். பக்கத்தில் பழைய படத்தின் அச்சு. அதில், கீறலைத் தொடங்க வேண்டிய இடத்தில் டாக்டர் போட்ட பேனாக் கோடு.

"விழுங்குங்க சார்."

அடியில் ஒரு சிவப்பு முளைத்தது. பழைய கோடு வரை வந்தது. அங்கே நிற்கவில்லை. கம்பியில் அப்பாவின் விரல்கள் வெளுத்தன. சிவப்பு கறுத்து ஊதாவாகி, ஏறிக்கொண்டே போனது. நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள்.

"இது எந்த இடம் டாக்டர்?" என்று கேட்டேன்.

"இதயத்துக்குப் பின்னாடி," என்றார். பழைய கோட்டை அடித்துவிட்டுப் பேனாவை மேலே நகர்த்தினார்.

அப்பா கண்களை மூடியபடி, மூக்கிலிருந்த குழாய் ஆட, டாக்டரை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்.

"என்னடா, பாஸா?"

டாக்டரின் பேனா இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது.