கைப்பிடியோரத்துத் துரு

கேன்டீன் மேலாளர் பையை மேசைமேல் கவிழ்த்தார். கத்திகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து விழுந்தன.

“எவர்சில்வர்னு சொல்லித்தானே குடுத்தீங்க? அம்மை போட்ட மாதிரி இருக்கு. இதை வச்சுக் காய் வெட்டினா, சாப்பிடறவன் என்னை வெட்டுவான்.”

மெருகுப் பட்டறைக்கு உரியவளான அந்தப் பெண், ஒரு கத்தியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அலகு கண்ணாடிபோல் மின்னியது. கைப்பிடியை ஒட்டிய இடத்தில் மட்டும் பழுப்புப் புள்ளிகள். இன்னொன்றை எடுத்தாள். அதே இடம். மூன்றாவதிலும் அதே இடம். அத்தனையும் அவள் கணவன் மெருகேற்றியவை. அவன் இறந்து இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை.

“இந்த வாரத்துக்குள்ள சரி பண்ணிடுங்கம்மா. இல்லேன்னா நான் வேற இடம் பாத்துக்கணும். தப்பா நெனைக்காதீங்க.”

அவர் போனபின், ஒரு கத்தியைத் தூள்போட்டுத் தேய்த்தாள். துரு உடனே அகன்றது. அது திரும்ப வருகிறதா என்று பார்க்க, உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றி வைத்தாள். மறுநாள் காலை பிரித்தபோது, புள்ளிகள் அதே இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தன. மறுபடியும் தேய்த்தாள், மறுபடியும் வந்தன.

கணவனின் மேலங்கி இன்னும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மெருகுச் சக்கரத்தை நிறுத்தியதும் அது சுழன்று ஓய்கிற ஒலி, அவன் பேசுவதற்குமுன் தொண்டையைச் செருமுவதைப் போலவே இருக்கும். இந்த இரண்டு மாதங்களாக அந்த ஒலி அடங்கியபின் வரவேண்டிய பேச்சுக்காக அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதுண்டு. இப்போது அந்தப் பேச்சு இரும்பின்மேல் எழுந்து வருவதாக அவளுக்குப் பட்டது.

“அண்ணனுக்கு இந்தப் பட்டறையை விட்டுப் போக மனசில்லை போல,” என்றான் பளபளப்பேற்றும் பஞ்சுச் சக்கரத்தருகே நின்ற கொழுந்தன். சிரிப்புக்குத்தான் சொன்னான், ஆனால் இருவரும் சிரிக்கவில்லை.

அவள் பூதக்கண்ணாடியை எடுத்தாள். முரட்டுத் தேய்ப்புப் பட்டையில் தேய்த்த கீறல்களை, அடுத்த நயமான பட்டையால் குறுக்காகத் தேய்த்து அழிப்பது அந்தப் பட்டறையின் வழக்கம். முதற்கீறல் ஒன்றுகூட மிஞ்சாதபோதுதான் பஞ்சுச் சக்கரத்துக்குப் போகவேண்டும். அலகின் மற்ற இடங்களில் அப்படியே நடந்திருந்தது. கைப்பிடியோரத்தில் மட்டும் குறுக்குத் தேய்ப்பு இல்லை. முரட்டுக் கீறல்களுக்குள் மெருகு மெழுகை நிரப்பி, மேலே பளபளப்பை ஏற்றியிருந்தான். கேன்டீனில் கழுவக் கழுவ மெழுகு கரைந்திருக்கிறது. திறந்த கீறல்களில் உப்பும் ஈரமும் தங்கித் துருவாகியிருக்கின்றன.

அவன் ஏமாற்றுக்காரன் அல்லன். அந்த இடத்தைத் தேய்க்க வலது மணிக்கட்டைத் திருப்பி அழுத்தவேண்டும். அவனால் அழுத்த முடியாமல் போயிருக்கவேண்டும்.

முற்றத்துக் குழாயடியில் அவன் சரிந்து விழுந்த அன்று, மருத்துவர் அவளிடம் கேட்டிருந்தார்: முன்பே கை மரத்துப்போனதுண்டா? இல்லவே இல்லை என்று அவள் அடித்துச் சொல்லியிருந்தாள்.

“அவருக்குக் கை மரத்துப்போயிருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?”

கொழுந்தன் சக்கரத்தை நிறுத்தினான். அது சுழன்று ஓய்ந்தது.

“தெரியும் அண்ணி.”

“எப்ப இருந்து?”

“மழை ஆரம்பிச்சதுல இருந்து. டம்ளரைக்கூட இடது கையாலதான் எடுப்பாரு. ‘அவகிட்ட சொன்னா பட்டறையை இழுத்து மூடிட்டு ஆஸ்பத்திரியில கொண்டுபோய் உக்கார வச்சிடுவா’ன்னாரு.”

“ஆமா. உக்கார வச்சிருப்பேன்.”

“சத்தியம் வாங்கிட்டாரு, அண்ணி.”

“நல்ல சத்தியம். ஆளுக்கு ஆள் காப்பாத்தினீங்க.”

 நயமான பட்டையை மாட்டி, முதல் கத்தியின் கைப்பிடியோரத்தைக் குறுக்காக வைத்து அழுத்தினாள். அவனுடைய கை நின்றுபோன இடத்தில் அவள் கை தொடங்கியது. ஒவ்வொரு கத்தியிலும் அவன் விட்டுச்சென்ற கீறல்கள் அழிந்துகொண்டே வந்தன. கடைசிக் கத்தியில் மட்டும் அவள் சற்றுத் தாமதித்தாள். ஒன்றை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று கொழுந்தன் கேட்கவிருந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. அதையும் தேய்த்தாள்.

மறுநாள் காலை, இரவில் மறுபடியும் சுற்றிவைத்திருந்த உப்புத்துணிகளைத் தனியாகவே பிரித்தாள். ஒவ்வொரு அலகையும் சன்னலருகே கொண்டுபோய், திருப்பித் திருப்பித் தேடினாள். பிறகு பூதக்கண்ணாடியோடு மறுபடியும் முதலிலிருந்து தேடினாள்.

“துரு வந்திருக்கா அண்ணி?” என்று கொழுந்தன் பெட்டியோடு வந்து நின்றான்.

“வரலை,” என்றாள் அவள், உள்ளே யாரும் இல்லை என்று வாசலில் நின்று சொல்பவளைப் போல.