கழற்றி வைத்த காது மிஷின்கள்

ஒரு அறக்கட்டளை காது கேளாத முதியவர்களுக்கு இலவசமாகக் காது மிஷின் கொடுத்திருந்தது. அந்த நன்கொடை நிஜமாகவே பயன்படுகிறதா என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. "தானம் கொடுத்த மாட்டையும் பல்லைப் பிடிச்சுப் பாக்கிறவ எங்க அக்கா" என்று வெளியூரில் இருக்கும் தம்பி கேலி செய்வான்.

முதலில் போனது ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் வீட்டுக்கு. மிஷின் சர்க்கரை டப்பாவுக்குள் புதைந்து கிடந்தது.

"மாமா அதைத் தொடவே மாட்டேங்கிறாரு" என்றாள் மருமகள். பெரியவர் டப்பாவை மூடித் தள்ளி வைத்தார்.

அடுத்த தெருவில் சலவைக்காரம்மா. மிஷினைத் துணியில் சுற்றி, செருப்புப் பெட்டியில் போட்டு, மேலே இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்திருந்தார்.

"ஏம்மா, சரியா கேக்கலையா?" என்று காதருகே கத்தினாள்.

"நல்லாத்தான் கேக்குது. அதான் வேணாம்னு வச்சிட்டேன்."

"அப்படி என்ன கேக்குது?"

சலவைக்காரம்மா கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "எங்க அண்ணன். போய்ச் சேர்ந்து எவ்வளவோ வருஷமாச்சு. கதவைத் திற, கதவைத் திறன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு."

வயசானால் மனசு தடுமாறும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆனால் அடுத்தடுத்த வீடுகளிலும் அதே கதைதான். ஒருவருக்கு அம்மா, ஒருத்திக்குப் புருஷன். உயிரோடு இருப்பவர்கள் பேசுவதும் கேட்கிறதாம். நடுவில் செத்தவர்களும் பேசுகிறார்களாம்.

கடைசியாகப் போன தையல்காரர் மட்டும் மிஷினைப் போட்டுக்கொண்டே தைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு யாரு குரலும் கேக்கலையா, ஐயா?"

"கேக்குதே! எம் பொண்டாட்டி. உயிரோட இருந்தப்ப திட்டின அதே திட்டு." சிரித்தார். "நம்பலேன்னா நீங்களே கேட்டுப் பாருங்க." கழற்றி நீட்டினார்.

அவள் வாங்கிக் காதில் வைத்தாள். முதலில் தெருவின் இரைச்சல். பிறகு, தோளுக்குப் பின்னால் நின்று பேசுவதுபோல, தம்பியின் குரல்.

"அக்கா."

அவன் செத்தவனில்லை. காலையில்தான் பேசினான். மிஷினைப் பிடுங்கி மேஜையில் வைத்துவிட்டு அவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தது அவன் மனைவி.

"அண்ணி, உங்களுக்குத்தான் போன் பண்ண எடுத்தேன்..." பிறகு அவள் அழுகைதான் கேட்டது.

தம்பியின் காரியங்களெல்லாம் முடிந்து, வீங்கிய கண்களோடு அறக்கட்டளைத் தலைவர் முன் போய் உட்கார்ந்தாள்.

"மிஷின்ல குறை ஏதும் இருக்காம்மா?"

"குறை ஒண்ணுமில்ல சார். ஆனா இனிமே யாருக்கும் கொடுக்காதீங்க. கொடுத்ததையும் திரும்ப வாங்கிடுங்க."

"எதுக்காக?"

வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். "யாரும் போட்டுக்கிறதில்ல, சார்."

தலைவர் தலையாட்டினார். அவள் எழுந்து கதவுவரை போய்விட்டு நின்றாள்.

"தையல்காரர்கிட்ட மட்டும் திரும்பக் கேக்காதீங்க. அவருக்கு அது இருக்கட்டும்."