பனங்கட்டியில் சீனி இல்லை

ஊரடங்கு போட்ட நாளிலிருந்து எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு எல்லோரும் வைத்தியர்கள் ஆகிவிட்டார்கள். கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்து, பனங்கட்டி போட்டுக் குடித்தால் கொரோனா கிட்டவும் வராது என்று அவர்களே முடிவும் கட்டினார்கள்.

ஓய்வுபெற்ற தபால் அதிபர் சில்வெஸ்டருக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். தேநீரைச் சீனி போடாமல் முகம் சுளித்துத்தான் குடிப்பார். ஆனால் வேலிக்கு மேலால் அயலவர்கள் நீட்டிய மல்லித் தண்ணியைச் செம்பு செம்பாகக் குடித்தார். பனங்கட்டி மருந்துதானே, அது சீனியில் சேருமா? கிளினிக் குளிசைகளோ வீடு தேடி வந்தன. அவற்றைப் பாதி பாதியாக உடைத்து விழுங்கினார். ஊரடங்கு எப்போது முடியுமோ, மிச்சம் பிடித்து வைப்போம் என்று பெரிய சிக்கனம்.

ஒரு நாள் கறிக்கு மீன் பிடிக்க வாவியில் வலை வீசப் போனவரின் காலை மட்டிச் சிப்பி கிழித்தது. சீனி வருத்தத்தில் கால் மரத்துப்போயிருந்ததால் அது அவருக்கே தெரியவில்லை. மனைவி திரேசம்மாதான் படியில் இரத்தத்தைக் கண்டாள். சில நாளில் விரல் கறுத்து நாறத் தொடங்கியது.

“ஆசுபத்திரிக்குப் போவம், வாங்க.”

“அங்கதான் கொரோனாவே இருக்கு. நான் வரமாட்டன்.”

பக்கத்து வீட்டுப் புஸ்பமும் வேலியோரம் வந்து தடுத்தாள்.

“போகாதீங்கக்கா. மூக்குக்குள்ள குச்சி விடுவானுகள். இருக்கெண்டு வந்தா ஒழுங்கையையே மூடிப்போடுவானுகள். புண்தானே, மஞ்சள் வெச்சிக் கட்டுங்க.”

திரேசம்மா கணவரின் காலுக்குப் பயந்ததைவிட ஒழுங்கையின் வாய்க்குத்தான் அதிகம் பயந்தாள். மஞ்சள் வைத்துக் கட்டினாள்.

காய்ச்சல் ஏறி அவர் பிதற்றத் தொடங்கிய பிறகுதான் அம்புலன்ஸ் வந்தது. ஒழுங்கை முழுக்க யன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன. அதற்குப் பிறகு ஒரு குஞ்சுகூட அந்த வேலிப் பக்கம் வரவில்லை.

ஒரு காலையில் ஆசுபத்திரியிலிருந்து தொலைபேசி வந்தது. பேசி முடித்துவிட்டுத் திரேசம்மா வேலியடிக்கு வந்தாள்.

“கொரோனா இல்லையாம், புஸ்பம்.”

யன்னல்கள் திறந்தன. செய்தி வீடு வீடாகப் போயிற்று. முன்வீட்டு அருமைநாயகம் பொங்கலுக்கு வாங்கி மிச்சமிருந்த வெடியைக் கொளுத்தினார்.

“வேற என்ன சொன்னாங்கக்கா?”

“கால முழங்காலோட வெட்டி எடுத்திட்டாங்களாம்.”

“அது சீனி வருத்தத்தாலதானேக்கா. ஊருக்கு ஒண்டுமில்ல.”

“ஓம்” என்றாள் திரேசம்மா. தொலைபேசியில் தாதி கால் எடுத்ததைத்தான் முதலில் சொன்னாள். திரேசம்மாவோ கொரோனா இருக்கா இல்லையா என்று கேட்டு, இல்லை என்றதும் நன்றியோடு சிலுவை போட்டுக்கொண்டாள். அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு, ஒழுங்கையே கேட்க அழுதாள்.